கெர்பர் என்றொரு பெயர்

ஜெர்மனியில் என் மகளை எல்லோரும் என் கணவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் நேர்கிற கதைதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, அப்பாவின் பெயரை அதில் எழுதிவிடுகிறோம். அங்கே போய் இறங்கியதும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலையிடத்திலும் அப்பா முன்னால் வந்து நின்றுகொள்கிறார். முனிக்கில் அவள் குடியிருக்கும் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில்கூட அந்தப் பெயர்தான். அவள் எடுத்து அனுப்பிய போட்டோவைக் காட்டி, "முனிக்ல எனக்கு ஒரு வீடு இருக்கு" என்று என் கணவர் செகந்திராபாத்தில் எங்கள் மாரெட்பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சந்தோஷப்படத் தெரிந்த மனிதர்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, வீடியோ காலில் மகள் சொன்னாள்:

"கல்யாணத்துக்கப்புறம் டாடி பேரை விட்டுடலாம்னு இருக்கேன், மம்மி. இங்க யாருக்கும் அது வாயில நுழையல. ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தா சொல்ல வேண்டியிருக்கு. இவனோட பேரை எடுத்துக்கறேன்."

"அது என்ன பேரு? நீ சொன்னே, மறந்துட்டேன்."

"கெர்பர்."

அவள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தான். நல்ல பையன். ஒரு வருஷமாக இதே போல எட்டிப் பார்த்துக் கையசைத்தே எங்களுக்குப் பழகிவிட்டிருந்தான்.

"அதுக்கு அர்த்தம் என்னம்மா?" என்று என் கணவர் கேட்டார்.

அவள் தமிழ் ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளையின் தமிழ். யோசித்து யோசித்துச் சொன்னாள். "தோல் இருக்கில்ல டாடி, ஆடு மாடு தோல். அதைச் சுண்ணாம்புல ஊறப்போட்டு, முடியெல்லாம் எடுத்து, லெதர் ஆக்குவாங்கல்ல. அந்த வேலை செய்யறவங்க. ரொம்ப பழைய பேரு. இங்க எங்க பார்த்தாலும் இருக்கு."

"நக்கோ" என்றேன்.

அவசரத்தில் வேண்டாம் என்பதற்கு என் வாயில் வருவது எப்போதுமே இந்த ஹைதராபாத் உருதுதான். அவள் விளையாட்டென்று நினைத்து, ஏன் என்பதை அதே பாஷையில் "கைக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"கைக்குன்னா? வேணாம்னா வேணாம்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல பேருதானே. சுருக்கமா இருக்கு" என்றார்.

அந்தப் பையன் இன்னும் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தான். தையல்காரர், மாவு அரைப்பவர், வண்டி செய்பவர் என்று அவர்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தொழில்தான் பெயராம். தெற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஒரு தெருவுக்கு ஒரு கெர்பராவது இருப்பானாம். அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் ஆற்றங்கரையில் ஊர் எல்லையோரம் தோல் பதனிடுகிறவர்கள் இருந்தார்களாம். தண்ணீர் வேண்டும், நாற்றமும் ஊருக்குள் வரக் கூடாது. அந்தச் சந்துகளுக்கு இன்றைக்கும் அவர்கள் பெயர்தான். இப்போது அங்கே காபிக் கடைகள் இருக்கின்றன என்று சொல்லி, போனிலேயே ஒரு படமும் காட்டினான். பூந்தொட்டிகள் வைத்த மரவீடுகள். எனக்கு அந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊர் எல்லை, ஆற்றங்கரை, நாற்றம் என்கிற மூன்று சொற்கள்தான் காதில் நின்றன. இவனுக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள், எதற்காக இதை என் கணவர் முன்னால் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறான் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா வாணியம்பாடியில் டேனரியில் வேலை பார்த்தவர். பாலாற்றங்கரையில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுவது அவர் வேலை. அவருடைய அப்பாவும் அதேதான். எந்தத் தெருவிலிருந்து அந்த வேலைக்குப் போவார்கள், எந்தத் தெருவிலிருந்து போக மாட்டார்கள் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோலைக் கையாளத் தெரிந்தவர் என்பதால்தான் அவருக்குச் செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், பெட்டிகளுக்கு சீட்டு தைக்கும் பிரிவில் இடம் கிடைத்தது. முதல் வகுப்புப் பெட்டியின் மெத்தைகளுக்குத் தோல் உறை போட்டார். ரயில்வே என்ற சொல் வந்ததும் டேனரி என்ற சொல் வீட்டை விட்டுப் போய்விட்டது.

என் அப்பா அதே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர். தாத்தாவின் பெரியப்பா மகன் ஒருவர் இரண்டு வருஷம் ஏதோ கிராமத்துச் சபையில் வேதம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியாராக இருந்திருக்கிறார். அப்பா அந்த இரண்டு வருஷத்தை எடுத்து எங்கள் முழுப் பரம்பரைக்கும் போர்த்திவிட்டார். நாங்கள் உபதேசியார் குடும்பம் ஆனோம். வாணியம்பாடி என்று சொல்வதில்லை, வேலூர்ப் பக்கம் என்போம். எங்கள் ஊர்ப் பேச்சில் 'இன்னா' என்று பேசினால் அப்பா முறைப்பார். "என்ன" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் பேச்சு மேலே போகும்.

எங்கள் சபையில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் இராப்போஜனத் திராட்சரசம் குடிப்போம். சம்பந்தம் பேச உட்கார்ந்தால் மட்டும், "எந்த ஊரு, யார் வழி?" என்பார்கள். நிச்சயதார்த்தத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. வேதாகமமும் மோதிரமும் தட்டில் வைத்து மாற்றிக்கொள்வதற்கு முன், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பெரியவர் எழுந்து மூன்று தலைமுறை சொல்வார். இன்னார் மகள், இன்னார் பேத்தி, இன்ன ஊர், இன்ன தொழில். என் நிச்சயதார்த்தத்தில் என் அப்பா எழுந்து, "உபதேசியார் வம்சம்" என்றார். என் கணவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கம், நாலு தலைமுறை வாத்தியார்கள். திருப்தியாகத் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. உண்மை தெரியும். முக்காட்டைச் சரி செய்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இந்த விஷயம் என் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாகவே இருந்தது, முப்பது வருஷம்.

இப்போது என் மகள் அந்த வேலையைத் தன் பெயராக எழுதிக்கொள்ளப்போகிறேன் என்கிறாள். கல்யாணம் இங்கே, எங்கள் சபையில். பெயருக்கு அர்த்தம் என்ன என்று நாலு பேர் கேட்பார்கள். தோல் என்று சொன்னால் பேச்சு தோலில் நிற்காது, அப்படியே என் வீட்டு வாசலுக்கு நடந்து வரும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி கேட்டும்விட்டாள். "வியாபாரின்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். பழகிய வாய்தானே.

மகளிடம் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னேன். டாடி மனசு கஷ்டப்படும் என்றேன். டாடி பின்னாலிருந்து, "எனக்கென்ன கஷ்டம்? பேரை விட்டா நான் செத்தா போயிடுவேன்?" என்றார். சர்டிபிகேட்டுகளில் குழப்பம் வரும் என்றேன். அதெல்லாம் அங்கே ஒரு கடுதாசியில் முடிந்துவிடும் என்றாள். கடைசியில் எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது.

"அந்தப் பேரோட இந்த வீட்டு வாசலுக்கு வராதே."

அவள் மெதுவாகக் கேட்டாள், "மம்மி, அவங்க யூதர்ங்கறதாலயா?"

அந்த நிமிஷம் வரை எனக்கு அது தெரியாது. பையனின் அம்மா லூத்தரன் சபைக்காரர், சில வருஷங்களுக்கு முன் இறந்துவிட்டார். பையனுக்கும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்றுதான் எங்கள் போதகரிடம் சொல்லியிருந்தோம். அப்பா வழியைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் திரும்பக் கேட்பார்கள் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

"இல்லடி" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். நான் சொல்லவில்லை. என் உண்மைக் காரணத்தைவிட அவள் நினைத்துக்கொண்ட காரணம் எனக்கு வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நான் என் வாழ்க்கையில் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்த மௌனம்தான். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. என் அப்பாவின் பொய்யாவது யாரையும் குத்தவில்லை.

"அவங்க தாத்தா வீட்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு தெரியுமா உனக்கு? அவங்க அப்பா முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்?" என்று அழுதாள். போனை வைத்துவிட்டாள். ஒன்பது நாள் அவள் கூப்பிடவில்லை. பத்தாவது நாள் அப்பாவை மட்டும் கூப்பிட்டு, டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று, நிச்சயதார்த்தத்துக்கு வருகிறோம், அதற்கு மேல் கல்யாணம் நடக்குமா என்று எனக்கே தெரியவில்லை என்று சொன்னாளாம். என் கணவர் அதை என்னிடம் சொல்லும்போது, வகுப்பில் தவறான விடை எழுதிய பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "நீ இப்படிப்பட்டவ இல்லையே" என்றார். நான் அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மகளும் பையனும் அவன் அப்பாவும் வந்து இறங்கினார்கள். பையனின் அப்பா எழுபதைத் தாண்டியவர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெட்டையாக, கொஞ்சம் கூன் விழுந்து, வெயிலில் மூக்கு சிவந்துபோய் இருந்தார். என் கையைக் குலுக்கினார். சிரிக்கவில்லை. மகள் என்னிடம் "தண்ணி எங்க?" "டவல் எங்க?" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதுவும் தெலுங்கில்.

ஞாயிறு நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை காலையில் சாப்பாட்டுக்குக் காய்கறி வாங்கப் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். மார்க்கெட் பார்க்க வேண்டும் என்று பையனின் அப்பாவும் வந்தார். என் கணவரும் பையனும் வாழை இலை தேடிப் போனார்கள். நானும் அவரும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றோம். மூட்டை தூக்குகிறவர்கள் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று இடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஒரு தக்காளியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். அதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று என் மகன் சொன்னான். யூதப் பெயர் என்பதால்தான் என்றால் நீங்களே என்னிடம் சொல்லுங்கள். வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக் காபி நன்றாக இருக்கிறது, அதைக் குடித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் அவர்கள் முடிவை எடுக்கட்டும்."

அவர் நிறுத்தவில்லை. அது யூதர்களுக்கு மட்டும் உள்ள பெயர் இல்லை என்றார். தபால் வண்டியில் அவர் போட்ட கடிதங்களில் எத்தனையோ கெர்பர்கள், பெரும்பாலும் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். யூதர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே அரசாங்கம் கட்டாயப்படுத்தி எழுத வைத்த பிறகுதான் பரவலாக வந்தது. அதுவரை அவர்களும் இன்னார் மகன் இன்னார்தான். ("எங்களை மாதிரி" என்று நினைத்தேன், சொல்லவில்லை.) ஏதோ ஒரு குமாஸ்தா முன்னால் நின்றபோது அவருடைய மூதாதை தோல் பதனிட்டுக்கொண்டிருந்தாரா, தோல் விற்றாரா, அல்லது அந்தச் சந்தில் சும்மா குடியிருந்தாரா, யாருக்கும் தெரியாது. யுத்த காலத்தில் அவருடைய அப்பா சிறுவன். வேறொரு பெயரில் ஒரு பண்ணை வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெயரிலேயே இருந்திருக்கலாம். அது நல்ல பெயர், யாரும் கேள்வி கேட்காத பெயர். அவர் ஆபீசுக்குப் போய்ப் பழைய பெயரைத் திரும்ப வாங்கினார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"தெரியாது. கேட்டால் 'அதுதானே என் பெயர்' என்பார். ரொம்பப் பேச மாட்டார்."

தக்காளிக்காரன் தெலுங்கில், "அம்மா, வாங்குறீங்களா, இல்ல ஐயாவைக் கையில வெச்சுப் பழுக்க வைக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினான். நான் அந்தத் தக்காளியை அவர் கையிலிருந்து வாங்கிக் கூடையில் வைத்தேன்.

"என் தாத்தா தோல் பதனிடுகிறவர்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "அப்படியானால் அதே வேலை" என்றார். "ஆமாம்." "அப்படியானால் உங்களுக்கு என்ன பிரச்சினை?"

என்ன பிரச்சினை என்று அந்தக் கூச்சலில் நின்று ஒரு வெளிநாட்டுக்காரருக்கு விளக்குவது எளிதாக இல்லை. அந்த வேலையை யார் தலையில் வைத்தார்கள் என்று சொன்னேன். அது தெரிந்தால் யார் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், யார் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். தேவாலயத்திலுமா என்று கேட்டார். தேவாலயத்திலும்தான் என்றேன். என் கணவருக்கும் தெரியாது என்றேன். உங்கள் பெயர் யூதப் பெயர் என்பதே எனக்குத் தெரியாது, என் மகள் அப்படி நினைத்தபோது நான் திருத்தவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் உடனே மன்னிக்கவில்லை. "அது மோசமான காரியம்" என்றார். பிறகு, எந்த மரத்தின் பட்டையைப் போட்டுப் பதனிட்டார்கள் என்று கேட்டார். அவர்கள் ஊரில் ஓக் மரமாம். ஆவாரம்பட்டை, கடுக்காய் என்றேன். ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேருமே ஒரு பச்சைத் தோலைத் தொட்டதுகூட இல்லை.

அன்று மத்தியானமே சமையலறையில் கணவரையும் மகளையும் நிற்க வைத்துச் சொன்னேன். முப்பது வருஷம் அடக்கி வைத்தது மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"அப்போ எங்கம்மா சாகற வரைக்கும் மல்லுக்கு நின்னது உபதேசியார் பேத்தியோட இல்லையா?" என்றார் கணவர். அவரால் அப்படித்தான் பேச முடியும். ஆனால் உடனே, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றும் சொன்னார். அதில் விளையாட்டு இல்லை.

மகள்தான் வெடித்தாள். "தக்காளிக் கடையில அவர்கிட்ட சொல்ல முடியுது. என்கிட்ட இருபத்தெட்டு வருஷமா சொல்ல முடியலையா? நான் அவன்கிட்ட எங்கம்மா ஒரு ரேசிஸ்ட்னு சொல்லி அழுதிருக்கேன், மம்மி!"

"தப்புதான்."

"சண்டே அன்னைக்கு மாமா எழுந்து என்ன சொல்வாரு?"

தாய்மாமன் என்ற முறையில் எங்கள் பக்கத்துத் தலைமுறையைச் சொல்ல வேண்டியவர் என் அண்ணன்.

"மாமா சொல்றதை நான்தான் இவங்களுக்கு ஜெர்மன்ல சொல்லணும். எனக்கும் அவன் அப்பாவுக்கும் இப்ப உண்மை தெரியும். அவர் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பாரு. நான் பொய்யை ட்ரான்ஸ்லேட் பண்ண மாட்டேன். அப்படித்தான் நடக்கும்னா நான் அந்த நாற்காலியில உட்காரவே மாட்டேன். கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சனிக்கிழமை காலை அல்வாலுக்குப் போனேன். அண்ணன் வீடு அங்கேதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. எவ்வளவோ வருஷமாக அவர் வாயிலிருந்து நான் கேட்காத ஊர்ப் பேச்சு வந்தது.

"இன்னா பாப்பா பேசற நீ? இன்னாத்துக்கு இப்ப? ஒம்பொண்ணு பிளேன் ஏறிப் பூடுவா. எம்பொண்ணு இங்கதான் இருக்கணும். அடுத்த மாசம் அவளைப் பார்க்க வராங்க. நம்ம சபைக்காரங்கதான் அவங்களும்."

"நீங்க உபதேசியார்னு சொல்ல வேணாம். ஒண்ணும் சொல்லாம ஊரை மட்டும் சொல்லுங்கண்ணா."

"சொல்லாம உட்டா அதுக்கு மேல சந்தேகம். அப்பா கட்டுன வீடு இது. நீ கல்லைப் புடுங்காதே."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்போதும் அதை மறுக்க மாட்டேன். அவர் மகளை நானும்தான் தூக்கி வளர்த்தேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது, இரண்டு பெண்களில் ஒருத்திக்கு நான் கெடுதல் செய்யப்போகிறேன் என்று தெரிந்தது. யாருக்கு என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வீடு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்தால் அண்ணன் மகளும் என்னைப் போல முப்பது வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அது உதவி இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை மண்டபத்தில் கூடினோம். போதகர் ஜெபித்தார். பையனின் அப்பா எழுந்து நாலே வரியில் சொன்னார். தன் பெயர், தன் அப்பா, தாத்தா, யூதக் குடும்பம், பெயருக்குத் தோல் பதனிடுகிறவர் என்று அர்த்தம். மகள் அதைத் தமிழில் சொன்னாள். வியாபாரி என்று நான் யாரிடம் பொய் சொல்லியிருந்தேனோ அந்தப் பெண் இரண்டாவது வரிசையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு அண்ணன் எழுந்தார். ஒவ்வொரு வரியாகச் சொன்னார், மகள் ஒவ்வொரு வரியாக ஜெர்மன் மொழியில் சொன்னாள். பெண்ணின் பெயர், அப்பா, அம்மா. அம்மாவின் அப்பா ரயில்வே. "வேலூர்ப் பக்கம், உபதேசியார் வம்சம்" என்றார் அண்ணன்.

மகள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் அவளைப் பார்த்தார். போதகர் பார்த்தார். மொழிபெயர்க்க வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று யாரோ பின்னாலிருந்து, "கேட்டகிஸ்ட், கேட்டகிஸ்ட்" என்று உபதேசியாருக்கான ஆங்கிலச் சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்தேன். எங்கள் சபையில் இந்த இடத்தில் பெண்கள் எழுந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணன் சொன்னது எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது. அது சரியில்ல. எங்க ஊர் வாணியம்பாடி. எங்க தாத்தா டேனரியில சுண்ணாம்புக் குழியில வேலை பார்த்தவர். அவங்க அப்பாவும் அதே வேலை. அந்தக் கைப்பழக்கத்துலதான் அவருக்கு ரயில்வே வேலை கிடைச்சுது. அதுலதான் நாங்க படிச்சோம். என் கல்யாணத்துல இதைச் சொல்லல. என் மக கல்யாணத்துல சொல்றேன்."

இவ்வளவுதான் பேசினேன். மகள் நிமிர்ந்து, நான் சொன்னதையெல்லாம் நிதானமாக அவர்களுக்குச் சொன்னாள். நடுவில் கெர்பர் என்ற சொல் இரண்டு முறை வந்தது. ஜெர்மன் மொழியில் அந்த வேலைக்கு வேறு சொல் இல்லை. முன்வரிசையில் பலர் அந்த ஒரு சொல்லை மட்டும் புரிந்துகொண்டார்கள். பையனின் அப்பா எழுந்து வேதாகமத் தட்டை எடுத்து என் கணவரிடம் கொடுத்தார். அது போதகர் சொன்ன பிறகு செய்ய வேண்டியது. வரிசை தெரியாமல் செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டார். இலை போட்டதில் பதினைந்து இருபது இலை காலியாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கிழவர், ரயில்வேயில் என் அப்பாவோடு வேலை பார்த்தவர், ரசம் ஊற்றிக்கொண்டே, "உங்க தாத்தா தைச்ச சீட்டுல நான் உட்கார்ந்திருக்கேம்மா. எங்களுக்கெல்லாம் தெரியும். உங்கப்பா மனசு நோகுமேன்னு கேக்கல" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியாது. தெரியாதவர்கள்தான் அந்தக் காலி இலைகள்.

வீட்டில் மகள் என்னோடு இன்னொரு முறை சண்டை போட்டாள். ஏன் அன்றைக்குப் போனில் "இல்லை" என்று சொல்லவில்லை என்பதுதான் சண்டை. தோல், தாத்தா, உபதேசியார் எல்லாவற்றையும் அவள் ஒரே நாளில் தாண்டிவிட்டாள். அந்த மௌனத்தை மட்டும் தாண்ட முடியவில்லை. நானும் அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு. ஆனால் சண்டை தமிழில் நடந்தது. என் எதிரே உட்கார்ந்து நடந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு எங்கள் பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர் மட்டும் இருந்தோம், வழக்கமாக ஓரத்தில் உட்காரும் குடும்பம் பின்னால் போய்விட்டது. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. அண்ணன் குடும்பம் அந்த மாதம் முழுக்க வேறு சபைக்குப் போனது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கு வரை அவர்கள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வருகிறோம் என்றும் சொல்லவில்லை. நான் அண்ணிக்குப் போன் செய்கிறேன். அவர் எடுப்பதில்லை. தினமும் ஒரு தடவை செய்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு போதகர் காகிதத்தைப் பிரித்தார். கெர்பர் என்ற பெயரை இந்த முறை தடுமாறாமல் வாசித்தார். அதற்குப் பிறகு, எங்கள் குடும்பங்களின் பெயர்களையும் ஊர்களையும் வாசித்தார். வேலூர் என்று முதலில் எழுதிக் கொடுத்ததை நான் திருத்திக் கொடுத்திருந்தேன், வாணியம்பாடி என்றார். இவர்கள் இருவரும் சேர்வதற்கு நியாயமான தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம் என்று சொல்லி நிறுத்தினார். வெறும் சடங்குக்குக் கேட்கிற கேள்விதான். முப்பது வருஷமாக இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று கோவிலில் ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. நான் பின்னால் திரும்பிப் பார்க்கப் போனேன்.

மகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"திரும்பாதே மம்மி" என்றாள், உதடு அசையாமல். "யாராவது எழுந்தா எழுந்துக்கட்டும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. போதகர் காகிதத்தை மடித்தார். அவள் கையை எடுக்காமல் பாட்டுப் புத்தகத்தை மறு கையால் பிரித்து, இரண்டு பேரும் பார்க்கும்படி என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.